டிராப், ரிஜெக்ட்: இரண்டுக்கும் ஒரே சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டு லினக்ஸ் இணைப்புக்குத் தீயரண் (ஃபயர்வால்: வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு) அமைக்கும் கையேட்டின் வரைவில், லினக்ஸின் தீயரண் கருவியான ஐபிடேபிள்ஸின் டிராப், ரிஜெக்ட் என்னும் கட்டளைகள் இரண்டையும் ‘மறு’ என்றே பெயர்த்திருக்கிறோம். இதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. (‘நெருப்புச்சுவர்’ வேண்டாம், ‘தீயரண்’ போதும் என்று முன்பே முடிவானதில் எனக்கு மகிழ்ச்சி, கட்டடங்களில் ஃபயர்வால் என்பது தீ பரவாமல் தடுக்கும் சுவரே தவிர, எரியும் சுவர் அன்று.)

ரிஜெக்ட் விதியில் சிக்கும் பொதியை (வலையில் வரும் தரவுத் துண்டை) இயங்குதளத்தின் மையமான கெர்னல் தள்ளிவிடுவதோடு, ‘இந்தப் போர்ட்டை (கணினியின் எண்ணிட்ட இணைப்பு வாயிலை) அடைய இயலாது’ என்னும் ஐசிஎம்பி (வலைப்பிழைகளைத் தெரிவிக்கும் நெறிமுறை) செய்தியையும் அனுப்பியவருக்குத் திருப்பி விடுகிறது. டிராப் விதியில் பொதி ஓசையின்றி மறைகிறது. நேற்று மேசைக்கணினியின் 22ஆம் போர்ட்டுக்கு ரிஜெக்ட் இட்டு, மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் கட்டளை) கொடுத்தேன். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்துவிட்டது. டிராப் என்று மாற்றியபின் கர்சர் மட்டுமே துடித்துக்கொண்டிருந்தது. கோரிக்கையை மேலும் 6 முறை அனுப்பிப் பார்த்துவிட்டு, ஏறத்தாழ 127 நொடிகளுக்குப் பிறகுதான் மடிக்கணினி முயற்சியைக் கைவிட்டது.

ஆகவே டிராப்புக்குப் ‘புறக்கணி’ என்பதை முன்மொழிகிறேன். வாசலில் நின்று கூப்பிடுபவரின் குரல் காதில் விழுந்தும் பேசாமல் இருந்துவிடும் செயல் அச்சொல்லில் இருக்கிறது. முந்தைய மடலில் வந்த ‘வீழ்த்து’ அகராதிப் பொருள் மட்டுமே. ‘கைவிடு’ என்பதோ, மேலே கண்டபடி, காத்திருந்து சலித்த மறுமுனையின் செயலாகிவிடுகிறது. ரிஜெக்டுக்கு ‘மறுத்துரை’ பொருந்தும். பதில் சொல்லப்படுகிறது என்பதை ‘உரை’ காட்டிவிடுகிறது.

ஐபிடேபிள்ஸை எளிதாகக் கையாள உதவும் யூஎஃப்டபிள்யூ கருவியில்தான் சிக்கல் பெரிது. அதில் டினை என்று இருப்பது உள்ளே டிராப்தான். ரிஜெக்ட் அங்கே தனிக் கட்டளை. அகராதியைப் பார்த்து டினைக்கு ‘மறு’ என்று எழுதினால், மறுப்புச் செய்தி போகும் என்று நம்பும் பயனர், போகாத செய்தியைத் தேடிக்கொண்டிருப்பார். எனவே டினையும் ‘புறக்கணி’ ஆகவே இருக்கட்டும். அப்போதுதான், இணையப் பக்கத்திலிருந்து வருவதைப் புறக்கணித்து, வீட்டுக்குள்ளிருந்து வருவதற்கு மறுத்துரைக்கும்படி விதிகளை எழுதுங்கள் என்று கையேட்டில் குழப்பமின்றிச் சொல்ல இயலும்; உள்ளேயும் புறக்கணித்தால், தவறான போர்ட்டைத் தட்டும் நம் கணினிகளே காரணம் தெரியாமல் காத்துக் கிடக்கும்.

பொதியை அனுமதிக்கும் அக்செப்டுக்கு ‘ஏற்பு’ என்று இருப்பதை ‘ஏற்றுக்கொள்’ என மாற்றினால் மூன்றும் ஏவலாக ஒத்துவரும். ‘மறுத்துரை’யைவிடச் சிறிய சொல் கிடைத்தால் தெரிவியுங்கள், அமைப்புச் சாளரத்தின் பொத்தானில் அது அடங்க வேண்டும்.