‘ஏலியாசிங்’: மாற்றுப்பெயரா, அலைமயக்கமா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

படச்செயலாக்கப் பாடக்குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது ‘ஏலியாசிங்’ (aliasing) என்ற ஆங்கிலச் சொல் வழிமறிக்கிறது. சிலர் ‘மாற்றுப்பெயரிடல்’ என்று எழுதுகிறார்கள். நிரலில் ஒரே நினைவிடத்துக்கு இரண்டு பெயர் இருந்தாலும், ஒரே அஞ்சல்பெட்டிக்கு இரண்டு முகவரி இருந்தாலும் அது பொருந்தும். நெருங்கிய கட்டம் போட்ட புடவையைக் கைபேசியில் படம் எடுத்தால், நெசவில் இல்லாத அகலப் பட்டைகள் நெளிநெளியாகத் தெரிகின்றனவே, அங்கே யாரும் எதற்கும் பெயர் வைக்கவில்லை. “புடவையில் மாற்றுப்பெயரிடல் தெரிகிறது” என்று எழுதினால் மாணவருக்கு ஒன்றும் விளங்காது.

இதுவரை வந்த பரிந்துரைகள்: பொய்யலை, போலியுரு, அலைத்திரிபு, படிக்கட்டு விளிம்பு. எதை எடுத்தாலும் ‘ஆன்டி-ஏலியாசிங்’ (அதைத் தடுத்தல்) போன்ற கிளைச்சொற்கள் அதிலிருந்து இயல்பாகப் பிறக்க வேண்டும். கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2

வணக்கம். என்ன நடக்கிறது என்பதை எண்களோடு பார்த்துவிட்டுச் சொல்லுக்குப் போவோம். அப்படிப் பார்த்தால் பரிந்துரைகளில் பாதி தாமாகவே உதிர்ந்துவிடும்.

4000 பிக்சல் அகலமுள்ள படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 990 மெல்லிய நெடுங்கோடுகள் சீரான இடைவெளியில் இருக்கின்றன. ஒரு கோடும் அடுத்த இடைவெளியும் சேர்ந்து ஓர் அலை, அதன் அகலம் 4 பிக்சலுக்குச் சற்றுக் கூடுதல். மூலப் படத்தில் குறையில்லை, கோடுகள் சரியாகத் தெரிகின்றன. இதை 1000 பிக்சலாகச் சுருக்க, நான்கில் ஒரு பிக்சலை வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுகிறோம். எஞ்சிய 1000 பிக்சல்களால், அதாவது 1000 மாதிரிகளால், அதிகபட்சம் 500 அலைகளைத்தான் சுமக்க முடியும். 990 அலைகள் அந்த 500 என்ற எல்லையில் மடிந்து, 1000 − 990 = 10 என்ற இடத்தில் விழுகின்றன. சுருங்கிய படத்தில் 10 அகலப் பட்டைகள் பளிச்சென்று தெரியும்.

இப்போது கவனியுங்கள். உண்மையிலேயே 10 பட்டைகள் போட்ட துணியைப் படம் எடுத்து இதேபோல் சுருக்கியிருந்தாலும் இதே 1000 எண்கள்தான் கிடைத்திருக்கும். எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இது 990ஆ 10ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. 1958இல் வெளிவந்த, பிளாக்மனும் டூக்கியும் எழுதிய திறன் நிறமாலை அளவீட்டுக் கட்டுரையில் ‘ஏலியாஸ்’ என்ற சொல் இந்தப் பொருளில்தான் வருகிறது. ஓர் அலையெண் (குறித்த அளவுக்குள் எத்தனை அலை என்ற எண்) இன்னொன்றின் பெயரில் நடமாடுகிறது. ஆகவே நம் சொல்லும் இரண்டைப் பிரித்தறிய முடியாத நிலையைச் சொல்ல வேண்டும்.

> அலைத்திரிபு

‘திரிபு’ வேண்டாம். வில்லையால் நேர்கோடு வளைவதை ‘வில்லைத் திரிபு’ என்கிறோம். அந்தத் திரிபை, சதுரங்கப் பலகை அச்சைப் பல கோணங்களில் படம்பிடித்து அளவுத்திருத்தம் செய்து நிமிர்த்திவிடலாம். ஏலியாசிங் நடந்து முடிந்தால் நிமிர்த்த வழியில்லை. திருத்தக்கூடியதற்கும் திருத்த முடியாததற்கும் ஒரே சொல் கூடாது.

> பொய்யலை

சுருங்கிய படத்தின் ஒவ்வொரு பிக்சலும் மூலப் படத்தின் உண்மையான மதிப்பு. ஒரு மதிப்புகூடப் பொய்யில்லை, நாம் அவற்றைச் சேர்த்துப் படிக்கும் விதத்தில்தான் பிழை வருகிறது. ‘போலியுரு’வுக்கும் இதே மறுப்பு.

மங்கலாக்குவது, சுருக்குவது இவற்றின் வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். அக்கம்பக்கப் பிக்சல்களை எடையிட்டுச் சராசரியாக்கும் காசியன் மங்கலை, திட்டவிலக்கம் (பரவல் அளவு) 2 பிக்சலாக வைத்து, சுருக்குவதற்கு முன்பே போட்டால், அந்தக் கோடுகளின் வீச்சில் (கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டில்) 1 விழுக்காட்டுக்கும் குறைவே எஞ்சும். பட்டைகள் வராது. அதே மங்கலைச் சுருக்கிய பிறகு போட்டால், பட்டைகளின் வீச்சில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே குறையும். காரணம், அவை இப்போது 100 பிக்சலுக்கு ஒன்று என்ற அகலத்தில் இருக்கின்றன. 2 பிக்சல் மங்கல் அவற்றைத் தொடாது. ஒரே வடிகட்டிதான், முன்னால் போட்டால் முழுப் பலன், பின்னால் போட்டால் ஒன்றுமில்லை.

படத்தைச் சுருக்கும் நிரல் நூலகங்களும் இதில் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஓப்பன்சிவியில் இருநேரியல் (bilinear) முறையில் 4 மடங்கு சுருக்கினால், 16 பிக்சல் கொண்ட கட்டத்தில் நடுவிலுள்ள 4 மட்டுமே கணக்கில் வரும். மேலே சொன்ன கோடுகளின் வீச்சில் ஏறத்தாழ 71 விழுக்காடு பட்டையாக மிஞ்சும். பரப்புச் சராசரி முறையைத் தேர்ந்தால் 16உம் கணக்கில் வரும், எஞ்சுவது ஏறத்தாழ 1 விழுக்காடு. பில்லோ நூலகம் அதே ‘இருநேரியல்’ என்ற பெயரில், சுருக்கும் அளவுக்கேற்ப வடிகட்டியை விரித்துக்கொள்கிறது. பைடார்ச் நூலகத்தின் இடைச்செருகல் (interpolate) சார்பில் இந்தத் தடுப்பு இயல்பாக அணைந்திருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். ஒரு நூலகத்தில் சுருக்கிய படங்களால் பயிற்றுவித்த நரம்பு வலைப்பின்னலுக்கு இன்னொரு நூலகத்தில் சுருக்கிய படத்தைக் கொடுத்தால் துல்லியம் சரிவதற்கு இது ஒரு காரணம். வலைப்பின்னலைக் குறைசொல்லும் முன் சுருக்கும் வரியைப் பாருங்கள்.

சொல் எனக்குத் தோன்றவில்லை. எது கூடாது என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

மடல் 3

வணக்கம் ஐயா. “பிரித்தறிய முடியாத நிலை” என்று நீங்கள் எழுதியதும் இலக்கணத்தில் இதற்கு ஆகிவந்த சொல் இருப்பது நினைவுக்கு வந்தது: மயக்கம்.

ல, ழ, ள மூன்றையும் மயங்கொலி என்கிறோம். காதால் மட்டும் கேட்டால் எது எது என்று தெரிவதில்லை. உருபு மயக்கம் இன்னும் நெருக்கமானது. ‘காலத்தினாற் செய்த நன்றி’ என்பதில் மூன்றாம் வேற்றுமை உருபு ஏழாம் வேற்றுமைப் பொருளில் நிற்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கிறது, வடிவத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. உங்கள் 990உம் 10இன் உருவில் அப்படித்தானே நிற்கிறது? தொல்காப்பியத்தில் ‘வேற்றுமை மயங்கியல்’ என்று ஒரு தனி இயலே இருக்கிறது.

என் பரிந்துரை: நிகழ்வுக்கு ‘அலைமயக்கம்’, அப்படி வந்து நிற்கும் அலைக்கு ‘மயங்கொலி’ போல ‘மயங்கலை’.

மடல் 4

‘அலைமயக்கம்’ நன்று. ‘மயங்கலை’யை ஏற்க முடியவில்லை. பேச்சுத் தமிழில் ‘மயங்கலை’ என்றால் ‘மயங்கவில்லை’. எழுத்திலோ, ‘மயங்கல்’ என்பதோடு இரண்டாம் வேற்றுமை ஐ சேர்ந்தது போலவும் இருக்கிறது. மயக்கத்தைக் குறிக்கும் சொல்லே இப்படி மயங்கினால் மாணவர் பாடு திண்டாட்டம்தான். ‘மயங்கிய அலை’ என்று பிரித்தே எழுதலாம். இரண்டு சொல்லானால் குறையொன்றுமில்லை.

ஒரு தடையும் உண்டு. மெய்ம்மயக்கம், திணைமயக்கம் இவற்றில் மயக்கம் என்பது கலந்து வருதல். தடுமாற்றம் அங்கே பொருளில்லை. ‘அலைமயக்கம்’ என்று கேட்கும் தமிழாசிரியர் இரண்டு அலைகள் கலப்பது என்று எடுத்துக்கொண்டால்? அதற்கு இயற்பியலில் ‘குறுக்கீட்டு விளைவு’ இருக்கிறது. வரையறையிலேயே “ஒன்று மற்றொன்றாகத் தோன்றும் மயக்கம்” என்று எழுதிவிடுவது நல்லது.

இலங்கை வழக்கையும் நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘அதிர்வெண்’, இலங்கைப் பாடநூலில் ‘மீடிறன்’. ‘அதிர்வெண் மயக்கம்’ என்று வைத்திருந்தால் அங்கே ‘மீடிறன் மயக்கம்’ என்று இன்னொரு சொல் முளைக்கும். ‘அலை’ இரு கரையிலும் ஒன்றே. இந்தப் பரிந்துரையை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மடல் 5

மருத்துவப் படிமத் துறையிலிருந்து ஒரு கவலை. எங்களிடம் ‘மயக்கம்’ என்றால் மயக்க மருந்து. எம்.ஆர்.ஐ. அறையில் “மயக்கம் வந்துவிட்டது” என்றால் நோயாளியைப் பார்க்க ஓடுவார்கள்.

எங்களுக்கு இந்தச் சொல் கட்டாயம் தேவை. எம்.ஆர்.ஐ.யில் கட்டக் குறியீட்டுத் (phase encoding) திசையில் படப்பரப்பை உடலைவிடச் சிறிதாக வைத்தால், வெளியே நிற்கும் பகுதி எதிர்ப்பக்கத்தில் வந்து விழும். தலையை எடுக்கும்போது மூக்கு பிடரிப் பக்கம் தெரியும். படப்பரப்பைப் பெரிதாக்க வேண்டும், அல்லது அந்தத் திசையில் மிகை மாதிரிகள் எடுக்க வேண்டும்.

குருதியோட்டத்தை நிறத்தில் காட்டும் மீயொலிச் சோதனையான வண்ண டாப்ளரில் இது இன்னும் ஏமாற்றும். துடிப்பு மீள்வீதத்தின் (கருவி நொடிக்கு அனுப்பும் ஒலித்துடிப்புகளின் எண்ணிக்கை) பாதியை டாப்ளர் பெயர்ச்சி (குருதியின் வேகத்தால் எதிரொலியின் அலையெண்ணில் வரும் மாற்றம்) தாண்டியதும் நிறம் தலைகீழாகும். கருவியை நோக்கி வரும் குருதியைச் சிவப்பாகக் காட்டும்படி வைத்திருந்தால், குழாய் குறுகி வேகம் மிகும் இடத்தில் நடுவே நீலம் தெரியும். பார்ப்பவர் குருதி எதிர்த்திசையில் ஓடுகிறது என்று எண்ணிவிடலாம். மீள்வீதத்தைக் கூட்டியோ நிற அளவுகோலின் அடிக்கோட்டை நகர்த்தியோ சரிபார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றாகத் தெரிவது என்ற பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆகவே சொல்லை மறுக்கவில்லை. ‘அலை’யை விட்டுவிட்டு வெறும் ‘மயக்கம்’ என்று எங்கும் சுருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மடல் 6

மடல் 2 எழுதியவனே மீண்டும். ‘அலைமயக்கம்’ எனக்கு முழுச் சம்மதம். என் துறையின் கடினமான இடங்களில் வைத்துப் பார்த்தேன்.

முதலாவது, கேமரா உணரி. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அடுக்கில் பாதிப் பிக்சல்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். சிவப்பும் நீலமும் கிடைமட்டத்தில் ஒன்றுவிட்டு ஒரு பிக்சலில்தான் இருப்பதால் அவற்றின் எல்லை பிக்சலுக்கு 0.25 அலை. பச்சை அதே திசையில் 0.5 வரை தாங்கும். பிக்சலுக்கு 0.4 அலை கொண்ட நெடுங்கோட்டுத் துணியில் பச்சை சரியாகப் பதியும், சிவப்பும் நீலமும் 0.1இல் மடிந்து விழும். வெள்ளைச் சட்டையில் பச்சையும் ஊதாவும் கலந்த பட்டைகள் ஓடுவது இதனால்தான். ஆக இது ‘வண்ண அலைமயக்கம்’. ஒவ்வொரு பிக்சலிலும் விடுபட்ட வண்ணங்களை நிரப்பும் கணிப்புமுறையைக் குறைசொல்வார்கள். மயக்கம் உணரியிலேயே நேர்ந்துவிட்டது, கணிப்புமுறை அதைக் கூட்டவோ குறைக்கவோதான் முடியும்.

இதைத் தடுக்க உணரிக்கு முன்னால், ஒளிக்கற்றையை நான்கு புள்ளிகளாகப் பிரிக்கும் இரட்டை விலகல் படிகத் தகடு வைப்பார்கள். அது ‘அலைமயக்கத் தடுப்புத் தகடு’. 2012இல் நிக்கான் டி800 கேமரா அந்தத் தகட்டின் விளைவோடும், டி800ஈ அந்த விளைவு நீக்கப்பட்டும் வந்தன. கூர்மை வேண்டுவோர் இரண்டாவதை வாங்கினார்கள். துணிக்கடைக்குப் படம் எடுப்பவருக்கு முதலாவதே பொருத்தம்.

இரண்டாவது, காலம். மூன்று இறக்கை மேசைவிசிறி நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றினால் நொடிக்கு 60 முறை ஒரே தோற்றம் திரும்ப வரும். நொடிக்கு 30 சட்டகம் எடுக்கும் காணொளியில் விசிறி நின்றுவிடும். 1180 சுற்றானால் நொடிக்கு 59, அப்போது பின்னோக்கி மெல்லச் சுற்றும். “காலத்தில் அலைமயக்கம்” என்று எழுதினால் ஒரு சொல்கூட உறுத்தவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குவது 30 சட்டகத்தில் 10 ஹெர்ட்ஸ் மினுக்கலாக மாறுவதும் இதுவே. திறப்பு நேரத்தை நொடியில் 100இல் ஒரு பங்கின் முழு மடங்காக வைத்தால் மறையும்.

மூன்றாவது, வலைப்பின்னல்கள். ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டில் ஒன்றை எடுத்து மற்றதை விடும்போதெல்லாம் மயக்கம் நேர்கிறது. படத்தை ஒரு பிக்சல் நகர்த்தினாலே வகைப்பாடு மாறுவதற்கு இது ஒரு காரணம். 2019இல் ரிச்சர்ட் ஜாங் காட்டிய தீர்வு எளிமையானது: பெரும எடுப்பை (max pooling, சிறு கட்டத்தின் மிகப் பெரிய மதிப்பை எடுப்பது) முதலில் ஒவ்வொரு பிக்சலிலும் செய்து, 1 2 1 போன்ற சிறு மங்கல் வடிகட்டியைப் போட்டு, அதன் பிறகே ஒன்றுவிட்டு ஒன்று எடுப்பது. சமிக்ஞைப் பாடத்தின் பழைய விதிதான், அடுக்குக்குள் மறந்துபோயிருந்தது.

> படிக்கட்டு விளிம்பு

இதைத் தள்ள வேண்டாம், அலைமயக்கத்தின் ஒரு வெளிப்பாட்டுக்குப் பெயராக வைத்துக்கொள்வோம். சிறிய அளவில் ‘ழ’வின் வளைவு பல்லுப் பல்லாகத் தெரிவது படிக்கட்டு விளிம்பு, அதன் காரணம் அலைமயக்கம். எழுத்துரு அமைப்புகளில் பயனருக்குக் காட்டும் தேர்வுக்கு ‘விளிம்பு மென்மையாக்கம்’ போதும். அங்கே அலைக் கோட்பாடு பயனருக்குத் தேவையில்லை.

வகைப்பாட்டில் எது எதுவாகத் தவறாகக் கணிக்கப்பட்டது என்று காட்டும் அட்டவணையான ‘கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ்’ என்பதைச் சிலர் ‘மயக்க அணி’ என்று எழுதுகிறார்கள். அதை ‘குழப்ப அணி’ என்றே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மடல் 7

அனைவருக்கும் நன்றி. இதுவரை ஒப்பியதைப் பதிவுக்கு எழுதுகிறேன்.

அலைமயக்கம்: போதிய நெருக்கத்தில் மாதிரி எடுக்காததால், ஓர் அலை அதனினும் அலையெண் குறைந்த வேறோர் அலையிலிருந்து பிரித்தறிய முடியாமல் போகும் நிலை. அப்படித் தோன்றுவது மயங்கிய அலை. மாதிரி வீதத்தின் பாதி மடிப்பெல்லை. அந்த எல்லைக்கு மேலுள்ளதை மாதிரி எடுக்கும் முன் நீக்குவது அலைமயக்கத் தடுப்பு வடிகட்டி. “எடுக்கும் முன்” என்பதை வரையறையிலிருந்து யாரும் நீக்கிவிடாதீர்கள். வினையாக எழுதும்போது “990 அலை 10ஆக மயங்குகிறது” என்போம். நிரலாக்கத்தின் ஏலியாஸ் ‘மாற்றுப்பெயர்’ என்றே இருக்கட்டும்.

புடவையில் தெரியும் பட்டைக்கு ஆங்கிலத்தார் பிரெஞ்சுப் பட்டுத்துணிப் பெயரான ‘முவாரே’வை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தாலும் அதே பட்டை தெரியும், அங்கே கேமராவே இல்லை. எனவே அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘நெளிபட்டை’ என்று முன்மொழிகிறேன். நெசவுத் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தால், அதையே எடுத்துக்கொள்வோம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.