குறும்பட கிளைமாக்ஸ்: லஞ்சம் வாங்குற இன்ஸ்பெக்டர் பிடிபடற சீன் சரியா இருக்கா?

ஆழியாத்துக்காரன்:
வணக்கமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் 20 நிமிசக் குறும்படம் எடுக்கறோம். கேரளாவுக்கு ரேசன் அரிசி கடத்துற கும்பல், அவங்ககிட்ட மாமூல் வாங்குற இன்ஸ்பெக்டர். கடைசியில கடத்தல் லாரி டிரைவரே லஞ்ச ஒழிப்புல புகார் குடுக்கறான். இன்ஸ்பெக்டர் நோட்டைத் தொட்டதும் கை சிவந்துடுது. எங்க தப்புன்னு சொல்லுங்க.

நொய்யல்கரை:
தொட்டதும் சிவக்காதுங்க. லஞ்ச ஒழிப்புப் போலீஸ் நோட்டுல தடவிக் குடுக்கறது பினாப்தலீன், வெள்ளைப் பொடி. விரல்ல ஒட்டினாலும் தெரியாது. சோடியம் கார்பனேட் கரைசல்ல நனைச்சாத்தான் ரோஸ் நிறம் வரும். மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு விழுந்ததும் ஆரத்தி சிவக்குதுல்ல, அந்த மாதிரி.

வலது கைக்கு ஒண்ணு, இடது கைக்கு ஒண்ணுன்னு ரெண்டு கண்ணாடி டம்ளர் வைங்க. நிறம் மாறின தண்ணியைப் பாட்டில்ல ஊத்தி, சீல் வெச்சு, சாட்சி கையெழுத்தோட லேபுக்கு அனுப்புவாங்க. பணம் பேன்ட் பாக்கெட்டுக்குப் போயிருந்தா அந்தத் துணியையும் நனைச்சுப் பார்க்கணும். மாத்துத் துணி குடுத்துட்டுத்தான் பேன்ட்டை வாங்குவாங்க. மேல மூணு ஸ்டார் சட்டை, கீழ லுங்கி. அந்த ஷாட்டுக்கு எந்தச் சண்டையும் ஈடாகாது, விட்டுடாதீங்க.

இதுக்கு முன்னாடியே எஃப்.ஐ.ஆர். போட்டாகணும். வேற துறை அரசு ஊழியர் ரெண்டு பேர் சாட்சி. நோட்டு நம்பரெல்லாம் மகஜர்ல, அதாவது சாட்சிங்க கையெழுத்துப் போடற பதிவுல, ஏறும். பணமும் புகார்தாரர் கொண்டுவர்றதுதான்.

கோர்ட்டுவாசல்:
பெரிய ஓட்டை புகார்தாரர்கிட்டத்தான் இருக்குது. கடத்தலுக்கு மாமூல் குடுத்தவன் புகார் குடுத்தா அவனே மாட்டுவான். ஊழல் தடுப்புச் சட்டத்தோட 2018 திருத்தத்துக்கப்புறம் லஞ்சம் குடுக்கறதும் குற்றம். கட்டாயத்துல குடுத்துட்டு 7 நாளுக்குள்ள சொன்னாலோ, முன்னாடியே போலீசுக்குச் சொல்லிட்டு அவங்களுக்கு உதவக் குடுத்தாலோதான் விலக்கு. அதனால இளநீர் லாரிக்காரர் ஒருத்தரை வைங்க. ஒழுங்கா பில் வெச்சிருக்கறவரோட வண்டியை நிறுத்தி, “அரிசி கேஸ்ல சேர்த்துடுவேன்”னு இன்ஸ்பெக்டர் மிரட்டட்டும்.

அடுத்தது, இன்ஸ்பெக்டர் தன் கையில வாங்க மாட்டார், கும்பல் ஆளை விட்டு வாங்குவார். அப்பப் பொடி அவன் கையில தான் இருக்கும். இன்ஸ்பெக்டர் கேட்டாருங்கறதை நிரூபிக்கலீன்னா கேஸ் நிக்காது. கேட்டதும் வாங்கினதும் ரெண்டும் வேணும்னு சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு 2022ல சொல்லியிருக்குது. புகார்தாரர் பல்டி அடிச்சாலும் சூழ்நிலைச் சாட்சியம் போதும். ஆகவே கிளைமாக்ஸ் டம்ளர்ல இல்லீங்க, போன்ல. பணம் வாங்கினவன் “வந்துருச்சுங்ணா”ன்னு கூப்பிடணும், மறுமுனையில இன்ஸ்பெக்டர் குரல் கேக்கணும்.

பவானிக்கூடல்:
ரெண்டு சின்ன விசயம். இன்ஸ்பெக்டர் தோள்ல மூணு ஸ்டாரோட சிவப்பு-நீல ரிப்பன் இருக்கும். ரிப்பன் இல்லீன்னா டி.எஸ்.பி. “குண்டாஸ் போட்டுடுவேன்”னு இன்ஸ்பெக்டர் மிரட்டலாம், ஆனா பொள்ளாச்சிக்கு ஆர்டர் போடறது கலெக்டர். கோவை மாநகருக்குன்னா கமிஷனர்.

ஆழியாத்துக்காரன்:
டிரைவரை இளநீர்க்காரரா மாத்திடறோமுங்க. ஷூட்டிங்குக்கு நிஜப் பொடியே வேணுமா?

நொய்யல்கரை:
வேண்டாமுங்க. நோட்டுல சோளமாவு போதும். விரல் நுனியில காஞ்ச ரோஸ் கலர் கேசரிப்பவுடரைக் கேமராவுக்குத் தெரியாம தடவிட்டு, வெறும் தண்ணியில முக்கச் சொல்லுங்க. விரல் ஈரமாயிருந்தா முன்னாடியே கலர் தெரிஞ்சிடும், அதனால ஒவ்வொரு டேக்குக்கும் கையை நல்லாத் துடைக்கணும். நிறம் ஒரே அடியா வராம நூல் நூலா இறங்கும், டம்ளருக்குப் பின்னாடி வெள்ளைச் சுவர் இருந்தா நல்லாத் தெரியும்.