மறு: மறு: [கலைச்சொல்] சதுர வட்டம் ‘தருக்க இயலாமை’யா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,
முதலாண்டு மெய்யியல் வகுப்புக்காக, 13ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மெய்யியலார் தோமா அக்குவினாவின் ‘இறையியல் சுருக்கம்’ (Summa Theologiae) நூலிலிருந்து இறைவல்லமைப் பகுதியை (முதற்பகுதி, வினா 25, கூறு 3) தமிழாக்குகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகவேண்டும். கடவுளாலும் ஆகாத சதுர வட்டம் முதலியவற்றுக்குத் ‘தருக்க இயலாமை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

— —

சரியில்லை ஐயா. இயலாமை என்பது செய்பவனுடைய குறை. முதுமையின் இயலாமை, வறுமையின் இயலாமை என்கிறோம். மாணவர் இதைக் ‘கடவுளால் முடியவில்லை’ என்றே படிப்பார். அக்குவினா மறுப்பதே அதைத்தான்: கடவுளால் செய்ய முடியாது என்பதைவிட, அது செய்யப்பட முடியாதது என்பதே பொருத்தம் என்கிறார். ‘வட்டம்’ என்ற எழுவாயோடு ‘சதுரம்’ என்ற பயனிலை ஒட்டவில்லை, வல்லமையில் குறையில்லை. எனவே ‘கூடாமை’. கூடுதல் என்றால் சேர்தல். வேரிலேயே பொருள் இருக்கிறது.

தருக்கமும் வேண்டாம். தருக்கு என்றால் செருக்கு. ஏரணம் என்க.

— —

தருக்கு வேறு, தருக்கம் வேறு. ஏரணம் என்றால் முதலாண்டு மாணவருக்கு அகராதி வேண்டும். ‘கூடாமை’க்கு வேர் சரி, வழக்கு இடிக்கிறது. ‘செய்யக்கூடாது’ இன்று விலக்கு. கடவுளுக்குத் தடை போட்டது யார் என்று வகுப்பில் கேட்பார்கள். வெறும் ‘முரண்’ என்றாலும் போதாது: முரண்தொடையில் எதிரெதிர் நிற்கும் இருளும் ஒளியும் இரண்டுமே உலகில் உள்ளவை. ‘தன்முரண்’, அதாவது தன்னைத் தானே மறுப்பது, என்று வையுங்கள்.

எடுத்துக்காட்டாக முயற்கொம்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். முயலுக்குக் கொம்பு இல்லை, அவ்வளவே. முளைத்தால் முரண் எதுவும் இல்லை. மலடி மகன்தான் சரி: அவன் பிறந்தால் அவள் மலடி அல்லள்.

— —

‘சர்வவல்லமை’க்கு என்ன செய்வது? குறள் 9இல் ‘எண்குணத்தான்’ என்பதற்குப் பரிமேலழகர் தரும் எட்டில் ஒன்று முடிவிலாற்றல் உடைமை. அழகான சொல்.

— —

அழகுதான், ஆனால் அது ஆற்றலின் அளவைச் சொல்கிறது. அக்குவினா அந்தக் கூறில் தம் விடையைத் தொடங்குவதே ‘எல்லாம்’ என்ற சொல்லுக்குள் எவை அடங்கும் என்ற ஐயத்தில். ‘எல்லாம்’ விடுபட்டால் வாதமே நிற்காது. ‘எல்லாம்வல்லமை’ என்க.

‘தன்முரண்’ணுக்கு என் வாக்கு. பிரெஞ்சு மெய்யியலார் டெக்கார்ட் 1630இல் தம் நண்பர் மெர்சென்னுக்கு எழுதிய மடலில், வட்டத்தின் ஆரங்கள் சமமாக இராதபடி ஆக்கவும் கடவுளுக்கு உரிமை இருந்தது என்கிறார். ‘கூடாமை’ என்று பெயரிட்டால், கடவுளால் அதுவும் ஆகும் என்ற அவருடைய கட்சி பெயரிலேயே தோற்றுவிடுகிறது.

— —

நன்றி. பெரும்பான்மைப்படி ‘தன்முரண்’, ‘எல்லாம்வல்லமை’. இப்படியே அனுப்புகிறேன்.

— —

அனுப்புங்கள். ஆனால் தன்முரண் என்பது கூற்றின் இயல்பு. நாம் தேடியது ‘நிகழவே முடியாது’ என்ற நிலைக்கான பெயர். முன்னதிலிருந்து பின்னது வருகிறதா என்பதுதானே அக்குவினாவுக்கும் டெக்கார்ட்டுக்கும் இடையிலான வழக்கு? ‘கூடாமை’யை நான் விடுவதாக இல்லை.