பிட்டர்ப்ளூ: காட்சாவையும் போவையும் திரும்பப் பார்க்கப் பயமாக இருக்கிறது, தொடரலாமா?

மழைப்பூ கேட்டது:

கிறிஸ்டின் காஷோரின் கிரேஸ்லிங் நாவலை 18 வயதில் கல்லூரி விடுதியில் படித்தேன். அறைத்தோழியிடம் இரவல் வாங்கியது, அட்டை பிய்ந்து டேப் ஒட்டியிருக்கும். வீட்டில் அப்போதே வரன் பேச்சு ஆரம்பித்திருந்தது. போனில் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஜாதகத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

அந்த நேரத்தில்தான் காட்சா வந்தாள். ஒரு கண் பச்சை, ஒரு கண் நீலம். கொல்வதுதான் அவளுடைய பிறவித் திறன் என்று எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள், அரசன் ராண்டா அவளை அடியாள் மாதிரி ஏவுகிறான். அவள் போவைக் காதலிக்கிறாள். ஆனால் கல்யாணம் வேண்டாம், பிள்ளை வேண்டாம் என்கிறாள். அவன் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் அவளோடு இருக்கிறான். (போ என்றதும் நம் காதுக்கு விரட்டுவது போலக் கேட்கும். அது அவன் நாட்டு மரத்தின் பெயர், இலைகள் பொன்னும் வெள்ளியுமாக மாறும். அவன் கண்களும் அப்படித்தான்.) அந்த இருவரும் எனக்கு எவ்வளவு துணையாக இருந்தார்கள் என்பதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது பழைய புத்தகக் கடையில் அதன் தொடர்ச்சியான பிட்டர்ப்ளூ கிடைத்தது. நாற்பது பக்கம் படித்து மூடிவிட்டேன். எட்டு வருடம் கழித்து நடக்கிற கதை. கிரேஸ்லிங்கில் காட்சா காப்பாற்றிய பத்து வயதுக் குழந்தை பிட்டர்ப்ளூ, இப்போது 18 வயது ராணி. மேசை நிறையக் காகிதம், ராத்திரியில் மாறுவேடத்தில் நகருக்குள் போகிறாள். காட்சாவைக் காணோம். அவளும் போவும் பிரிந்திருப்பார்களோ என்கிற பயம் வந்துவிட்டது. பிரிகிறார்களா என்பதை மட்டுமாவது சொல்லுங்கள். முதல் புத்தகத்தைத் திரும்பப் படித்துவிட்டுத் தொடர வேண்டுமா?

ஏட்டுக்கட்டு எழுதியது:

பிரியவில்லை. சண்டை போடுகிறார்கள், பிரியவில்லை. நிம்மதியாகப் படியுங்கள்.

ஆனால் இதே வரிசையில் வந்த ஃபயர் நாவலைப் படித்தீர்களா? 2009இல் வந்தது, பிட்டர்ப்ளூவுக்கு மூன்று வருடம் முந்தையது. காட்சா பிறப்பதற்கு முன்னால், மலைக்கு அந்தப் பக்கம் டெல்ஸ் நாட்டில் நடக்கிற கதை. காட்சா அதில் இல்லை என்பதால் பலரும் தாண்டிவிடுகிறார்கள். பிட்டர்ப்ளூவின் அப்பா லெக், சொல்லும் பொய்யை எல்லோரையும் நம்ப வைக்கும் பிறவித் திறன் உள்ள அந்தக் கொடிய அரசன், அதில் சின்னப் பையனாக வருகிறான், அதற்காகவே படிக்க வேண்டும். பிட்டர்ப்ளூவின் கடைசிப் பகுதி ஃபயர் படித்தவர்களுக்குத்தான் முழுதாகத் திறக்கும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கிரேஸ்லிங் முழுக்க வேண்டாம், கடைசிப் பகுதி போதும். காட்சா குழந்தை பிட்டர்ப்ளூவோடு பனிக் கணவாய் ஏறுவதிலிருந்து.

நிலாமுற்றம் எழுதியது:

மழைப்பூ, நானும் இதே இடத்தில்தான் மனம் உடைந்தேன். 2008இல் வந்த கிரேஸ்லிங்குக்குப் பிறகு இவர்களுக்காக 2012 வரை காத்திருந்தவள் நான். நமக்குப் பிடித்த ஜோடி வேறொருத்தியின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து போகிறார்களே என்று கோபம் வந்தது.

இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. பிட்டர்ப்ளூ கைகளில் கத்தியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள் இல்லையா? கத்தி பிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? காட்சா வருவதற்கு முன்பே அந்தப் படுக்கையறையில் இருக்கிறாள்.

அப்புறம் லெக். கிரேஸ்லிங்கில் காட்சா கத்தியை எறிகிறாள், அவன் செத்துப்போகிறான், நாம் மூச்சு விடுகிறோம். ஆனால் 35 வருடம் அவன் வாயிலிருந்து வந்த பொய்யை நம்பி, அவன் சொன்னதையெல்லாம் செய்த ஜனங்கள் என்ன ஆனார்கள்? பாதி நினைவில் இருக்கிறது, பாதி இல்லை. நடந்ததைத் தோண்டக்கூடாது, முன்னே பார்க்க வேண்டும் என்று ஆலோசகர்கள் அந்தப் பெண்ணைக் காகிதத்தில் புதைக்கிறார்கள். அம்மா ஆஷன் படுக்கை விரிப்பில் போட்ட பூத்தையலில் சங்கேத எழுத்து இருப்பதை மகள் கண்டுபிடிக்கும் இடத்தில் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு அழுதேன்.

ராண்டாவின் பிரபு கிடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் புத்தகத்தில் எனக்கு அவனைச் சுத்தமாகப் பிடிக்காது. காட்சாவைப் பெண் கேட்பான், போ மேல் பொறாமைப்படுவான், கல்யாணம் ஆனால் அவள் மாறிவிடுவாள் என்று நினைப்பான். அதே கிடனிடம்தான் பிட்டர்ப்ளூ எதையும் மறைக்காமல் பேசுகிறாள். அவன் எப்படி வளர்ந்தான் என்பதை 2021இல் வந்த அடுத்த நாவல் விண்டர்கீப் வரைக்கும் போய்ப் பாருங்கள். பிடிக்காத ஒருவனுக்காக இவ்வளவு தூரம் வருவேன் என்று 2008இல் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கேட்டறிபவன் எழுதியது:

எனக்கு 22 வயதில் பார்வை போய்விட்டது. இந்தப் புத்தகங்களை ஆடியோவாகக் கேட்டவன்.

கிரேஸ்லிங் முடிவில் போவுக்குக் கண் தெரியாமல் போகிறது. உடனே, தன்னைப் பற்றி மற்றவர் நினைப்பதை அறியும் அவன் பிறவித் திறன் வளர்ந்து, சுற்றியுள்ளதையெல்லாம் உணர ஆரம்பித்துவிடுகிறான். முதல் பாதி என் கதை, அடுத்த பாதி என் கதை இல்லை. அந்த இடத்தில் அவன் என்னை விட்டுவிட்டுப் போனது போல இருந்தது.

பிட்டர்ப்ளூவில் அவனுக்கு நிறம் தெரியாது, தாளில் எழுதியதைப் படிக்க முடியாது. எல்லாம் தெரிகிற மாதிரி நடந்துகொள்வது அவனுக்கு அலுத்துப்போகிறது, யாரிடம் எந்த உண்மையைச் சொல்வது என்று திண்டாடுகிறான். நன்றியுரையில் காஷோர் தானே எழுதியிருக்கிறார்: போவுக்கு ஊனத்தைக் கொடுத்துவிட்டு மாயத்தால் அதை ஆற்றியதன் மூலம், ஊனத்தோடு ஒருவன் முழு மனிதனாக இருக்க முடியாது என்று சொன்னது போல ஆகிவிட்டது, அது காலம் கடந்துதான் உறைத்தது என்று. எழுதி அச்சான பிறகு அதை ஒப்புக்கொண்டு, அதே மனிதனிடம் திரும்பி வந்தார். அதற்காகவே எனக்கு இந்தப் புத்தகம் முதல் புத்தகத்தை விடப் பெரியது.

மழைப்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஃபயர் ஆர்டர் போட்டுவிட்டேன், வர ஒரு வாரமாகும். அதற்குள் கிரேஸ்லிங்கின் கடைசிப் பகுதியை எடுத்தேன்.

18 வயதில் அந்தப் பனியில் நான் காட்சாவாக மட்டும்தான் இருந்தேன். மலைச்சிங்கத்தோடு அவள் போராடியது, அவள் உடம்பில் பட்ட நகக்கீறல், அவ்வளவுதான் மனதில் இருந்தது. நேற்று ராத்திரி என் கண் முழுக்க அவள் சுமந்துகொண்டு போகிற குழந்தை மேல். அம்மாவைப் பறிகொடுத்து, அப்பாவிடமிருந்து ஓடுகிற பத்து வயதுப் பெண். இவளைத்தான் காட்சா இல்லை என்று நாற்பது பக்கத்தில் மூடி வைத்தேன்.

கணவாய் தாண்டிக் கப்பல் ஏறிவிட்டார்கள். காட்சா அவளுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். மீதி இன்று ராத்திரி.