ஞாயிறு சேற்றில் பந்தயம், திங்கள் பள்ளிக்கு டிரெய்லர்: பின் பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடுகிறது

சேறும்சகதியும்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ஒரே ஒரு சைக்ளோகிராஸ் சைக்கிள், சேறும் புல்லுமான பாதையில் பந்தயம் ஓட்டுகிற வகை. ஞாயிற்றுக்கிழமை அதில்தான் பந்தயம், திங்கள் காலை அதன் பின்னாலேயே டிரெய்லரை மாட்டி சின்னவளை உட்காரவைத்து நர்சரியில் விட வேண்டும், அந்த நேரத்தில் மனைவி வேலைக்குக் கிளம்பிவிடுவார். கோடை முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. இலையுதிர் காலம் வந்து மழையும் சேறுமாக ஆனதிலிருந்து பின் பிரேக் படுத்துகிறது. பந்தயத்தின் முதல் பாதியில் நன்றாகப் பிடிக்கும், அப்புறம் லீவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகத் தொடங்கி, கடைசிச் சுற்றில் ஹேண்டில்பாரைத் தொடுகிற அளவுக்கு வந்துவிடும். மறுநாள் காலை இன்னும் மோசம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், உள்ளே ஓடும் திரவம் மினரல் ஆயில். எங்கேயும் ஒழுகின மாதிரி தெரியவில்லை. முன் பிரேக் பரவாயில்லை.

ஞாயிறு மாலை பிள்ளைகளின் குளியல், சாப்பாடு, பள்ளிப் பை எல்லாம் போக எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், அதுவும் இப்போது சீக்கிரமே இருட்டிவிடுகிறது. அதற்குள் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். இன்னொரு சைக்கிள் வாங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வீட்டில் அந்தப் பேச்சு நடந்து முடிந்துவிட்டது.

பழையசெயின்:
மற்றதெல்லாம் அப்புறம். இது சரியாகும்வரை அந்த டிரெய்லரை மாட்டாதீர்கள். இறக்கத்தில் பின்னாலிருந்து குழந்தையின் எடையும் டிரெய்லரின் எடையும் சேர்ந்து தள்ளும், முன் பிரேக்கை மட்டும் நம்பி அதை நிறுத்தப் பார்ப்பது வேண்டாத வேலை. ஒரு நாள் நடந்தே கூட்டிப் போங்கள்.

இப்போது மூன்று கேள்வி. லீவரை விடாமல் நாலைந்து தடவை அழுத்தினால் இறுகுகிறதா? பிரேக் பேட் எந்த வகை, எவ்வளவு மிச்சம் இருக்கிறது? சைக்கிளை வீட்டில் எப்படி வைக்கிறீர்கள்?

சேறும்சகதியும்:
அழுத்த அழுத்த இறுகுகிறது அண்ணா, ஆனால் கொஞ்ச நேரம் விட்டால் பழையபடி தொளதொளவென்று ஆகிவிடுகிறது. பேட் சைக்கிளோடு வந்த ரெசின் பேட். சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு பக்கம் பேடின் பின்தகடு தெரிகிற நிலை, இன்னொரு பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சைக்கிளை நடைவழிச் சுவரில் முன் சக்கரத்தைக் கொக்கியில் மாட்டி நேர்குத்தாகத் தொங்கவிடுகிறோம். தரையில் தள்ளுவண்டி, டிரெய்லர், பெரியவனின் ஸ்கூட்டர் எல்லாம் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன.

பழையசெயின்:
சரி, அப்படியானால் ஒன்றல்ல, இரண்டு மூன்று விஷயம் சேர்ந்து வேலை காட்டுகிறது.

முதலாவது பேட். ஈரமணலும் சேறும் ரோட்டருக்கும் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்) பேடுக்கும் நடுவில் புகுந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். உலர்ந்த சாலையில் மாதக்கணக்கில் ஓடுகிற ரெசின் பேட் ஒரு கனமழைப் பந்தயத்திலேயே தகடு வரை போவது சைக்ளோகிராஸில் சாதாரணம். உங்களுக்குக் கோடையில் ஒன்றும் தெரியாமல் போனதும் இதனால்தான்.

இரண்டாவது பிஸ்டன், அதாவது பேடை ரோட்டர் மேல் தள்ளும் உருளை. லீவரை விட்டதும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் அதைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பேட் தேயத் தேய பிஸ்டன் அந்தச் சீலில் வழுக்கி முன்னால் வந்து நின்று இடைவெளியைத் தானாகச் சரிக்கட்டும், அதனால்தான் சாதாரணமாக ஹைட்ராலிக் பிரேக்கில் பேட் தேய்ந்தாலும் லீவரில் பெரிதாகத் தெரிவதில்லை. பிஸ்டனில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் அது வழுக்காது, சீலோடு சேர்ந்து முழுக்கத் திரும்பிவிடும். அப்போது அந்த இடைவெளியை எல்லாம் உங்கள் விரல்தான் மூட வேண்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது என்றீர்களே, இன்னொரு பக்கப் பிஸ்டன் சரியாக நகரவில்லை என்பதற்கு அது நல்ல அறிகுறி.

மூன்றாவது அந்தக் கொக்கி. பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே வர வர, லீவரில் இருக்கும் சின்னத் தொட்டியிலிருந்து திரவம் காலிப்பருக்கு, அதாவது பிஸ்டனும் பேடும் இருக்கும் பகுதிக்கு, இறங்கிவிடும். தொட்டியில் கொஞ்சம் காற்று இருந்தால் சைக்கிள் நேராக நிற்கும்போது அது மேலேயே கிடக்கும், பாதகமில்லை. நேர்குத்தாகத் தொங்கவிட்டால் தொட்டியும் சாய்ந்து குமிழி குழாய்ப் பக்கம் போய்விடும். மறுநாள் காலை இன்னும் மோசம் என்று எழுதியதைப் படித்ததும் அதனால்தான் எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

காற்றைக்கிழித்து:
இவ்வளவு எதற்கு ப்ரோ. லீவரில் மூடியைத் திறந்து மினரல் ஆயில் கொஞ்சம் ஊற்றி பிளீட் பண்ணிவிட்டால், அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால், முடிந்தது. இல்லையென்றால் ராத்திரி லீவரை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டிவிட்டுத் தூங்குங்கள், காலையில் கல் மாதிரி இருக்கும்.

பழையசெயின்:
தேய்ந்த பேடை வைத்துக்கொண்டு மேலே திரவம் ஊற்றக் கூடாது தம்பி. பிஸ்டன் வெளியே நிற்கும்போது தொட்டியை நிரப்பிவிட்டுப் பிறகு புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளினால் அந்தத் திரவம் எல்லாம் திரும்பி வரும், போக இடம் இருக்காது, லீவரின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தாலும் ஆச்சரியமில்லை. பேட் முதலில், பிளீட் அப்புறம். ரப்பர் பேண்ட் வித்தை சில சமயம் குமிழியை மேலே ஏற்றிவிடும், நானும் செய்வதுண்டு, ஆனால் தேய்ந்த பேடுக்கு அதனால் என்ன பயன்?

சேறும்சகதியும், உங்கள் ஒரு மணி நேரத்துக்கு இது போதும். பேட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். லீவரை மெதுவாக அழுத்தி, பிஸ்டன் இரண்டும் கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி செய்யுங்கள், ரொம்ப அழுத்தினால் பிஸ்டனே வெளியே விழுந்துவிடும், ஜாக்கிரதை. காதுக்குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, பிஸ்டனின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள், முதல் குச்சி கறுப்பாகத்தான் வரும், குச்சி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். வழுக்காமல் அடம்பிடிக்கும் பிஸ்டனுக்கு உங்கள் பிரேக்கில் ஓடும் அதே மினரல் ஆயிலை ஒரு துளி தொட்டு வைத்து, உள்ளே வெளியே என்று சில தடவை நகர்த்தி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கடைசியில் பிளாஸ்டிக் டயர் லீவரால் நேராக உள்ளே தள்ளுங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். வேறு வகைப் பிரேக்குகளில் ஓடும் டாட் திரவம் தவறிக்கூட உள்ளே போகக் கூடாது, மினரல் ஆயிலுக்கான சீல் அதில் ஊறி வீங்கிப் போய்விடும்.

புது பேட் மெட்டல் வகையாக, அதாவது சின்டர்டு பேடாக வாங்குங்கள். ஈரத்தில் ரெசினை விட நன்றாகத் தாங்கும், சத்தம் கொஞ்சம் அதிகம். வாங்குமுன் ரோட்டரைப் பாருங்கள், ரெசின் பேட் மட்டும் என்று அதில் பொறித்திருந்தால் மெட்டல் பேட் ரோட்டரைத் தின்றுவிடும், ரோட்டரையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

மிதிக்கிறவள்:
ரோட்டரின் தடிமனையும் பார்த்துவிடுங்கள். பல ரோட்டர்கள் புதிதில் 1.8 மிமீ, 1.5 மிமீக்கு வந்தால் மாற்றச் சொல்லி அதிலேயே எழுதியிருக்கும். சேற்றில் ஓட்டுகிறவர்கள் பேடை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, பந்தயம் முடிந்ததும் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாயை வரிசையில் நின்று காலிப்பருக்கும் ஹப்புக்கும் நேராக அடிக்கிறார்கள் பாருங்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். சேறும் தண்ணீரும் சீலைத் தாண்டி பேரிங்குக்குள் போய்விடும். வாளித் தண்ணீர், பிரஷ், அவ்வளவுதான். எலீட் ஓட்டக்காரர்கள் சுற்றுக்கு இரண்டு தடவைகூடப் பாதையோரப் பிட்டில் (சைக்கிள் மாற்றவும் கழுவவும் ஒதுக்கிய இடம்) சைக்கிள் மாற்றுவார்கள், கழுவ ஆள் இருக்கிறார்கள், அவர்கள் எப்படியும் அடித்துக்கொள்ளட்டும். நமக்கு அதே சைக்கிள்தான் மறுநாள் காலையும்.

வீட்டுத்தரப்பு:
நான் பந்தயம் ஓட்டுவதில்லை, என் கணவர் ஓட்டுகிறார். பிரேக் பற்றி எனக்குத் தெரியாது, அந்த ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்தைப் பற்றித் தெரியும். அது ஒரு மணி நேரமாக இருப்பதே இல்லை. சைக்கிள் கழுவி முடிவதற்குள் சேற்று உடுப்பு குளியலறைத் தரையில் காய்ந்திருக்கும், பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். எங்கள் வீட்டில் இப்போது உடுப்பையும் ஷூவையும் வெளியே குளிர்ந்த தண்ணீரில் அலசி மண்ணை இறக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், அப்படியே மெஷினில் போட்டால் மண் முழுக்க ஃபில்டரில் போய் நிற்கிறது. பிரேக் வேலை சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. ஞாயிறு சைக்கிளைத் தண்ணீர் ஊற்றித் துடைத்து வைப்பது மட்டும். திங்கள் காலை வேலையை நாங்கள் இரண்டு பேரும் மாற்றிக்கொள்கிறோம், பந்தயத்துக்கு மறுநாள் நான் கூட்டிப் போவேன், அந்த வாரத்தில் இன்னொரு நாள் காலை முழுக்க அவருடையது. தேதிகளை சீசன் தொடக்கத்திலேயே காலண்டரில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை இல்லை.

காற்றைக்கிழித்து:
அக்கா சொன்னது சரி. என் வீட்டில் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் சண்டையே தொடங்குகிறது.

சேறும்சகதியும்:
எல்லோருக்கும் நன்றி. மெட்டல் பேட் போட்டாயிற்று. ரோட்டரில் ரெசின் மட்டும் என்று எதுவும் இல்லை, தடிமனும் இருக்கிறது. இடது பிஸ்டன் அசையவே மறுத்தது, ஆயில் தொட்டு உள்ளே வெளியே நகர்த்தினபிறகு இப்போது இரண்டும் சேர்ந்து வருகின்றன. லீவர் பாதியிலேயே பிடிக்கிறது, பஞ்சு மாதிரி அமுங்குவது கொஞ்சம் மிச்சம். கொக்கியைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கிற மாதிரி சுவர்த் தாங்கி வைத்திருக்கிறேன், அதற்காக ஸ்கூட்டர் பால்கனிக்குப் போனதில் பெரியவனுக்குக் கோபம். மனைவியிடம் திங்கள் மாற்றத்தைப் பேசினேன், பந்தய வாரங்களில் மட்டும் தாமதமாக வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். ஒரு சந்தேகம், புது பேட் போட்டதும் நேராக டிரெய்லரை மாட்டலாமா? பிடிப்பு அவ்வளவாக இல்லை, கீச்சென்று சத்தமும் வருகிறது.

பழையசெயின்:
மாட்டக் கூடாது. புது பேட் ரோட்டரோடு பழக வேண்டும். டிரெய்லர் இல்லாமல், வண்டி வராத சமதளச் சாலையில் மிதமான வேகத்துக்குப் போய், பின் பிரேக்கை மட்டும் அழுத்தி நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள், சக்கரம் சிக்கி இழுபடக் கூடாது, முழுக்க நிற்கவும் கூடாது. இதை 20 தடவை மாதிரி செய்தால் பிடிப்பு ஏறுவது கையிலேயே தெரியும். அந்தப் பஞ்சுத்தன்மை அப்புறமும் போகவில்லை என்றால் இப்போது பிளீட் பண்ணலாம், பேட் புதிதாக இருப்பதால் திரவ அளவும் சரியாக வரும்.

மிதிக்கிறவள்:
திங்கள் காலை டயர் காற்றையும் பாருங்கள். சேற்றுக்காக 1.5 பார் அழுத்தத்துக்கு இறக்கியிருப்பீர்கள், அதோடு டிரெய்லரை இழுத்தால் நடைபாதை விளிம்பில் ஏறும்போது ரிம் அடி வாங்கும்.