ஃபிளேம் அவுட், டெட் ஸ்டிக்: சுடரவிவு, உந்திலா இறக்கம்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

டி-33 பயிற்சி ஜெட் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும் நண்பர், ஃபோர்ஸ்டு லேண்டிங் என்பதற்கு ‘அவசரத் தரையிறக்கம்’ போதும் என்கிறார். எனக்கு உடன்பாடில்லை. பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தாலும் நாளிதழ்கள் ‘அவசரமாகத் தரையிறக்கப்பட்டது’ என்றே எழுதுகின்றன. அங்கே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இறக்கம் சரியாக அமையாவிட்டால் மேலேறி இன்னொரு சுற்று வரலாம். ஒற்றை இயந்திரமும் நின்றுபோன டி-33 விமானிக்கு அந்த வசதி கிடையாது. பொதுச்சொல்லாகக் ‘கட்டாயத் தரையிறக்கம்’ இருக்கட்டும். அதற்குள் இரண்டு தனிச்சொற்கள் நமக்கு வேண்டும்.

முதலாவது ஃபிளேம் அவுட், அதாவது பறக்கும்போதே ஜெட் இயந்திரத்துக்குள் எரியும் சுடர் போய்விடுவது. 1948 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்த டி-33, பி-80 போர் விமானத்தின் உடலை நீட்டி, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள் வைத்துச் செய்தது. அதன் ஜே33 இயந்திரத்தில் 14 எரிகலன்கள் வட்டமாக அமைந்திருக்கும். தீப்பொறி தொடக்கத்தில் மட்டுமே. பிறகு சுடர் தானாக நின்று எரிய வேண்டும். எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் விசைப்பிடியை விமானி சட்டென்று இழுத்தாலும் தள்ளினாலும் எரிபொருளுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம் குலைந்து சுடர் போய்விடக்கூடும். எரிபொருள் பம்ப் பழுதானாலும் அதே கதிதான். இரண்டாம் உலகப் போரில் 40 எதிரி விமானங்களை வீழ்த்திய அமெரிக்க விமானி ரிச்சர்ட் பாங், 1945 ஆகஸ்ட் 6 அன்று பி-80 விமானத்தில் மேலெழும்போதே பம்ப் பழுதாகி உயிரிழந்தார். தரைக்கு அவ்வளவு அருகில் பாராசூட் விரியவும் இடமில்லை.

‘இயந்திர நிறுத்தம்’ என்றால் யாரோ நிறுத்தியதாகத் தொனிக்கிறது. இங்கே சுடர் தானாகப் போகிறது. தன்வினையும் பிறவினையும் தனித்தனியே உள்ள நம் மொழியில் இதைச் சொல்வது எளிது: அவிந்தது, அவித்தான். எனவே ‘சுடரவிவு’ என்று முன்மொழிகிறேன். ‘அணைவு’ தழுவலையும் குறிக்கும். ஈழத்தில் விளக்கை ‘நூர்ப்பார்கள்’. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ‘சுடர்நூர்வு’ என்று வைக்கவும் ஆசைதான், ஆனால் தமிழக மாணவர்கள் பலருக்கு அது புரியாது. ‘அவித்த முட்டை நினைவுக்கு வரும்’ என்று யாரேனும் சொல்லலாம். சுடர் முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் நேராது.

இரண்டாவது டெட் ஸ்டிக் லேண்டிங், அதாவது இயந்திரம் நின்றபின் மிதந்தே வந்து தரையிறங்குவது. சுழலாமல் கட்டைபோல் நின்றுவிட்ட மரச் சுழல்விசிறியிலிருந்து வந்த பெயர் என்பார்கள். ஜெட்டில் சுழல்விசிறியே இல்லை. ஆதலால் ‘செத்த கோல்’ வகை மொழிபெயர்ப்புகள் வேண்டாம். உண்மையில் நடப்பதைப் பாருங்கள். உயரம் ஒன்றே கையிருப்பு. ஓடுபாதைக்கு நேர்மேலே வந்து, வட்டமிட்டுத் தாழ்ந்து, குறித்த உயரத்தில் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் வந்து சேர வேண்டும். உயரம் மிஞ்சினால் ஓடுபாதையைத் தாண்டிவிடும்; குறைந்தால் எட்டாது. உந்துவிசை இல்லை என்பதுதான் இதன் சாரம். ஆகவே ‘உந்திலா இறக்கம்’.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘சுடரவிவு நேர்ந்ததும் மாணவர் உந்திலா இறக்கத்துக்கு உயரத்தைக் கணித்தார்.’ நாக்கில் தடையின்றி ஓடுகிறது.

அவிந்த சுடரை வானிலேயே மீண்டும் மூட்டும் ரீலைட் இன்னும் மிச்சமிருக்கிறது. ‘மறுபற்றவைப்பு’ நீளமாக இருக்கிறது, ‘மீள்மூட்டல்’ பரவாயில்லை. இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள், ஐயா.