மூன்று அளவீடுகளைக் கொண்டு மீள்திறன் பாதைகளைப் பிரிக்க ஆர் மென்பொருளில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததை அடுத்து, சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத் தொழிலாளர்களிடம் பிஎச்கியூ-9 மனச்சோர்வு வினாப்பட்டியலை (மதிப்பெண் 0 முதல் 27 வரை) ஒன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் நிரப்பி வாங்கினோம். பங்கேற்றவர்கள் இருநூறுக்கும் குறைவு. ஒருமுறை நிரப்பும் மீள்திறன் (நெருக்கடியிலிருந்து மீண்டு வரும் ஆற்றல்) படிவத்தைவிட, காலப்போக்கில் ஒருவரது மதிப்பெண் செல்லும் பாதையே அவரது மீள்திறனை உண்மையாகக் காட்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், ஒத்த பாதையில் செல்பவர்களை வகுப்புகளாகப் பிரிக்கும் எல்சிஎம்எம் (lcmm) தொகுப்பின் எச்எல்எம்இ (hlme) கட்டளையில் ஒரு வகுப்பு மாதிரி சிக்கலின்றி முடிகிறது. ஆனால் மூன்று வகுப்புகள் கேட்டால், கணக்கீடு நிலையான விடைக்கு ஒருங்காமல் நின்றுவிடுகிறது, அல்லது ஒரு வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே எஞ்சுகிறார்கள்.

ஒரு வகுப்பு மாதிரியின் மதிப்புகளிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். கிரிட்சர்ச் (gridsearch) கட்டளை மூலம் பல சமவாய்ப்புத் தொடக்கங்கள் கொடுத்தேன். சுழற்சி வரம்பை உயர்த்தினேன். எஸ்பிஎஸ்எஸ் என்ற மற்றொரு புள்ளியியல் மென்பொருளில் கலப்பு மாதிரி ஓடுகிறது, எனினும் அது மொத்தக் குழுவின் சராசரிப் பாதையைத்தான் தருகிறது. சாய்வின் (மதிப்பெண் மாறும் வேகத்தின்) தனிநபர் வேறுபாட்டை நீக்கி, தொடக்க மட்டத்தின் வேறுபாட்டை மட்டும் வைத்தால் மூன்று வகுப்புகளும் தெளிவாகப் பிரிகின்றன. பலருக்குக் கடைசி அளவீட்டில் மதிப்பெண் சுழியம் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றே அளவீடுகள் இருக்கும்போது, சாய்வு வேறுபாட்டை நீக்கிய மாதிரியின் வகுப்புகளை மீள்திறன் பாதைகளாக ஆய்வேட்டில் முன்வைப்பது முறையாகுமா?